எழுந்து நின்ற பொன்மயில் ரெசிடென்சி

வடவள்ளியில் பொன்மயில் ரெசிடென்சி என்கிற நான்கு மாடி அடுக்ககம் எழுந்து நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு. அந்த நேரத்தில் அதன் பதினாறு வீடுகளில் பதினொன்றில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, இரண்டில் வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் உதறிக்கொண்டிருந்தது, மூன்றாம் மாடியில் 3பி வீட்டில் பத்திர எழுத்தர் தெய்வசிகாமணி வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு ககுராமாவின் இடது முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தார்.

ககுராமா என்பது ஜப்பானிலிருந்து வந்த ஒரு விண்கப்பல் பொம்மை. பொம்மை என்று சொன்னால் தெய்வசிகாமணிக்குக் கோபம் வரும், அதனால் அவர் முன்னால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முழுக்க உலோகம், பச்சைக் குழந்தையைவிடக் கனம், கோட்டையாகவும் வீரனாகவும் கப்பலாகவும் மூன்று உருவம் மாறக்கூடியது, உருவம் மாற்ற இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். அதற்காக மூன்று வருஷம் காத்திருந்தார். அதன் விலையில் பாதியைத்தான் மனைவி வசந்தாமணியிடம் சொல்லியிருந்தார், மீதிப் பாதியை அவள் அவர் முகத்திலிருந்தே படித்துக்கொண்டாள்.

தெய்வசிகாமணிக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். ஒரு கிரயப் பத்திரத்தை ஆரம்பித்தாரென்றால் மூன்று பக்கம் முற்றுப்புள்ளியே வைக்காமல் ஓட்டுவார். வீட்டிலோ ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். மிச்சப் பேச்சையெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் நின்ற நாற்பத்தோரு கப்பல்களோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொள்வார். அவற்றில் முப்பத்து மூன்று பெட்டி பிரிக்கப்படாதவை.

அவரைப் போலக் கப்பல் சேர்க்கும் இன்னும் ஒன்பது பேர் அவரோடு சேர்ந்து கோவையில் ஒரு வட்டம் நடத்தினார்கள். ஒன்பது பேரில் ஆக இளையவருக்கு நாற்பத்து மூன்று வயது. வட்டத்தின் தலைவர் ஹரிசுதன் மோட்டார் பம்பு உதிரிப்பாகம் செய்கிறவர், பத்தொன்பது வருஷமாக ஒரு பெட்டியைக்கூடப் பிரித்ததில்லை என்பதால்தான் தலைவரானார். "பிரிச்சுட்டா அது பொருளுங்கண்ணா. பிரிக்காத வரைக்கும்தான் அது ககுராமா" என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியும், தெய்வசிகாமணியின் விரல்கள் கேட்கவில்லை. மூன்று வாரமாக உட்கார்ந்து எண்பத்து நான்கு பாகங்களைப் பூட்டிக் கோட்டை உருவத்தை முடித்தார். கோட்டைக்கு நான்கு அடுக்கு இருந்தது, அடுக்குக்கு நான்கு ஜன்னல் இருந்தது, இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு மேடு இருந்தது. இதையெல்லாம் பார்த்தும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டையை வீரனாக்க அவர் இடது முழங்காலை மடக்கியதும் அடுக்ககத்தின் கிழக்கு மூலை மடங்கியது, வலது முழங்காலை நிமிர்த்தியதும் மேற்கு மூலை நிமிர்ந்தது, இடுப்பைத் திருப்பியதும் இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும் ஒன்றின்மேல் ஒன்று திரும்பிக்கொண்டன, தோள் இரண்டையும் இழுத்துப் பூட்டியதும் நான்காம் மாடி நடுவில் எழும்பித் தலையாகி மருதமலையைப் பார்த்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தரை தரையாகவும் சுவர் சுவராகவுமே இருந்தன, குழம்பு ஒரு சொட்டு சிந்தவில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேன் ஏதோ பெரிய வண்டி வெளியே கிளம்புகிறது என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி நான்காம் மாடியிலிருந்து வந்தது. "ஞாயிற்றுக்கிழமை டிரில் போடக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்க. யாருங்க அது?" இரண்டாவது செய்தி அதற்குக் கட்டைவிரல். மூன்றாவது செய்தியில்தான் ஒருவர், நம்ம பில்டிங் நிக்குது போலிருக்கே என்று சாலையிலிருந்து எடுத்த படத்தைப் போட்டார். படம் கோணலாக இருக்கிறது, வேறு எடுத்துப் போடுங்கள் என்றார்கள்.

சங்கத்தின் செயலாளர் மோகனசுந்தரம், பெரிய நூற்பாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தீர்மானம் போடாமல் தும்மக்கூட மாட்டார் என்று பெயரெடுத்தவர். மறுநாளே அவசரக் கூட்டம் போட்டார். கட்டடம் எப்படி எழுந்தது என்பதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினார்கள், தெய்வசிகாமணி ககுராமாவைக் காட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதால் அதில் மூன்று நிமிஷம் மிச்சமானது. வாஸ்து என்ன ஆகிறது என்பதற்கு ஒன்றரை மணி நேரம் போனது. வடக்குப் பார்த்த வீடு என்று வாங்கியவர்கள் வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சமையலறை அக்னி மூலையை விட்டு முழங்காலுக்குப் போயிருந்தது. வரவழைத்த வாஸ்து நிபுணர், வீரன் நிற்கும் வீட்டில் குபேரன் இடது தோளில் இருப்பார் என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். இடது தோள்காரர்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு எல்லாம் பழகிவிட்டது. பால்காரர் கால் வழியாக ஏறித் தொடையில் பால் ஊற்றிவிட்டு வந்தார். கூரியர்காரர்கள் முகவரியில் "வலது மார்பு, மூன்றாவது கதவு" என்று எழுதிக்கொண்டார்கள். வரி வசூலிக்க வந்த ஒருவர் இது கட்டடமா வாகனமா என்று கேட்டு, இரண்டு படிவத்தையும் கொடுத்துவிட்டு, பொருந்தாததை அடித்துவிடச் சொன்னார். வீட்டுத் தரகர்கள் "தலைப்பகுதியில் மூன்று பெட்ரூம், காற்றோட்டமானது" என்று விளம்பரம் செய்தார்கள்.

பழகியதில் ஒன்று மட்டும் எல்லாவற்றையும்விட வேகமாகப் பழகியது. முதல் மாடிக்காரர்கள் பாதத்தில் இருந்தார்கள், நான்காம் மாடிக்காரர்கள் தலையில் இருந்தார்கள். மூன்றே வாரத்தில் தலைக்காரர்கள் பாதத்துக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு "கீழ இருக்கறவங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தொட்டித் தண்ணீர் முதலில் தலைக்கு, பிறகு மார்புக்கு, பிறகு தொடைக்கு, மீந்தால் பாதத்துக்கு என்று ஒரு முறை வந்தது. யாரும் தீர்மானம் போடாமல் மோகனசுந்தரம் ஏற்றுக்கொண்ட முதல் நடைமுறை அதுதான். பாதத்தில் குடியிருந்த ஒரு ரேடியோ மெக்கானிக் மட்டும், "இந்தக் கணக்கை எங்கயோ கேட்ட மாதிரி இருக்குதுங்களே" என்றார். யாருக்கும் காதில் விழவில்லை.

தெய்வசிகாமணியின் பெருமைக்கு அளவில்லை. வட்டத்தார் ஒன்பது பேரும் டார்ச்சும் வெர்னியர் அளவுகோலும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் ஒருவருக்குக் கண் கலங்கியது. பிறகு ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். இடுப்பு மூட்டில் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது என்றார் ஒருவர். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், முதல் பதிப்பில் இப்படி இருக்காது என்றார் இன்னொருவர். பெயின்ட் சுமார், அதுவும் துணி காயப்போடும் கம்பியெல்லாம் வடிவமைப்பையே கெடுக்கிறது என்றார் மூன்றாமவர். ஹரிசுதன் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குப் பெட்டி வந்துச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் இரக்கத்தோடு தெய்வசிகாமணியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேனுங்கண்ணா" என்றார் போகும்போது. "இதோட நிறுத்திக்குங்க. இன்னொரு தடவை உருவம் மாத்துனா தோள் தகடு மார்புல உரசும். கீறல் விழும். விழுந்தா விழுந்ததுதான்."

தெய்வசிகாமணி அன்றே ககுராமாவை வீரன் உருவத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

இப்போது குழந்தைவேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு, 3ஏ. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்வந்துகொண்டிருந்தார். லிஃப்ட்டில் இறங்கி ஆட்டோவில் ஏறிப் போவார். கட்டடம் எழுந்து நின்றதிலிருந்து லிஃப்ட் குழி இடுப்பில் மடங்கிக் கிடந்தது. முதல் வாரம் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் வாரம் இரண்டு பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாம் வாரம் முழங்காலில் செங்குத்தாகி நின்ற படிக்கட்டில் நாற்காலி ஒருமுறை வழுக்கி, அவர் மனைவி சரோஜினி போட்ட அலறல் தலை வரைக்கும் கேட்டது. அதோடு தூக்குவதற்கு ஆள் வரவில்லை.

சரோஜினி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். கூட்டம் கூடியது. கட்டடத்தைப் பழையபடி மடக்கலாமா என்று ஓட்டெடுத்தார்கள். தலையும், மார்பிலும் தொடையிலும் பெரும்பாலான வீடுகளும் வேண்டாம் என்றன, பாதமும் மீதி வீடுகளும் வேண்டும் என்றன. வேண்டாம் பத்து, வேண்டும் ஆறு. மருதமலை தெரியாமல் போய்விடும் என்று ஒருவர் வருத்தப்பட்டார். இப்போதுதான் வாடகைக்கு நல்ல ஆள் கேட்கிறார்கள் என்றார் இன்னொருவர். குழந்தைவேலு சார் விரைவில் நலம் பெற வேண்டும் என்று மட்டும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தெய்வசிகாமணி தோள் தகட்டை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்ற பக்கம் கையைத் தூக்கியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி அந்தக் கையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் தவறியது. புதன்கிழமையும் தவறும் என்று தெரிந்த காலை, வசந்தாமணி ஒரு டம்ளர் இஞ்சித் தண்ணீரோடு 3ஏ-வுக்குப் போனாள். குழந்தைவேலு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், படுத்தால் மூச்சு வரவில்லை. பாதம் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. அவள் விரலால் தொட்டதும் அந்த இடம் குழிந்தது, குழி எழும்பவே இல்லை.

"உங்க வீட்டுக்காரரோட கப்பல் நல்லா வந்திருக்குதுங்களா அம்மிணி?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார் குழந்தைவேலு. கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

வசந்தாமணி வீட்டுக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்கவில்லை, அம்மிக்குழவியை எடுத்து ஒரு போடு போட்டாள். தெய்வசிகாமணி குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்தபோது அவள் கையுறை இல்லாமல், மஞ்சள் கறை படிந்த கையால் ககுராமாவின் இடுப்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏ வசந்தா! கை ரேகை படியுமல்லோ!"

"அந்தாளு செத்துப்போவாருங்க."

"சங்கத்துல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியிருக்குது..."

"நீங்க கையைத் தூக்குனதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள் வசந்தாமணி. "இப்ப அந்தக் கையை வெச்சு இதை மடக்குங்க. இல்லீன்னா நானே மடக்கறேன். எனக்கு மடக்கத் தெரியாது, ஒடிச்சுருவேன்."

தெய்வசிகாமணி மடக்கினார். வீரன் உருவத்திலிருந்து நேராகக் கோட்டைக்குத் திரும்ப முடியாது, கப்பல் வழியாகத்தான் திரும்ப முடியும் என்று கையேட்டில் இருந்தது. அதனால் கைகளை முதுகுக்குள் தள்ளினார், கால்களை ஒட்டி நீட்டினார், தலையை உள்ளே அழுத்தினார், தோள் தகடு மார்பில் உரசியபோது கண்ணை மூடிக்கொண்டார். கட்டடமும் அப்படியே தன் கைகளை மடித்துக் கால்களை நீட்டி, நிறுத்தியிருந்த கார்களுக்கு மேலே குப்புறப் படுத்துக் கப்பலானது. எல்லா வாசல் கதவும் வயிற்றுக்குள் போய் மூடிக்கொண்டன. இருநூற்றுப் பதினோராவது படி முடிந்தது. அதற்குமேல் எந்தப் பாகமும் அசையவில்லை. கீழே சரோஜினி வரச்சொல்லியிருந்த ஆம்புலன்ஸ் வந்து நின்று, எந்தப் பக்கம் கதவு என்று தெரியாமல் ஹார்ன் அடித்தது.

பதறிப்போன குடித்தனக்காரர்கள் உள்வழியாக 3பி-க்கு வந்து கூடினார்கள். மோகனசுந்தரம் வாயைத் திறந்தார். வசந்தாமணி அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கை கப்பலைப் பிடித்திருப்பது போல் ஒரு படம், அதன் பக்கத்தில் அலை அலையாக நாலு கோடு, கீழே ஜப்பானிய எழுத்து. அந்தப் பக்கத்தை வட்டத்தில் யாரும் படித்ததில்லை, ஏதோ நன்றி சொல்லியிருப்பார்கள் என்று விட்டிருந்தார்கள். தெய்வசிகாமணி போனை அதன்மேல் பிடித்தார். போன் மொழிபெயர்த்துக் காட்டியது: படி 212. இப்போது விளையாடவும்.

"அப்படீன்னா?" என்றார் தெய்வசிகாமணி.

"கப்பலை வெச்சு எப்படிங்க விளையாடுவாங்க?" என்றாள் வசந்தாமணி. "கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு, வாயில சத்தம் போட்டுக்கிட்டு ஓடுவாங்க."

"நாங்கெல்லாம் அப்படிப் பண்றதில்லை."

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைவேலு இருமுவது கேட்டது. இருமல் நடுவில் நின்று, நெடுநேரம் கழித்துத்தான் தொடர்ந்தது.

தெய்வசிகாமணி கப்பலைத் தூக்கினார். பதினைந்து குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திர அலுவலகத்தில் அவரைப் பார்த்து எழுந்து நிற்கிறவர்களும் அதில் இருந்தார்கள். "ம்ம்ம்" என்று மூக்கால் முனகினார். கட்டடம் ஒருமுறை நடுங்கி அடங்கியது.

"வாயத் தொறந்து போடுங்க!"

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயை முழுதாகத் திறந்து, வேட்டியை ஒரு கையால் மடித்துப் பிடித்துக்கொண்டு, "ஊஊஊய்ய்ங்ங்" என்று சோபாவிலிருந்து சமையலறை வரைக்கும் ஓடினார். பொன்மயில் ரெசிடென்சி தரையை விட்டுக் கிளம்பியது. கார்களின் மேல் தூசி பறந்தது. வாட்ச்மேன் மறுபடியும் கேட்டைத் திறந்தார். ஜன்னலில் தென்னை மரங்கள் கீழே போயின, வடவள்ளியின் மொட்டை மாடிகள் கீழே போயின, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அவர் ஓடியபோது கட்டடம் வேளாண் கல்லூரி வயல்களின் மேல் சாய்ந்து திரும்பியது. சரோஜினி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "லாலி ரோடு சிக்னல் வருதுங்க, வலது பக்கம் திரும்போணும், வலது பக்கம்!" என்று கத்தினாள். அவர் வாஷ்பேசினைச் சுற்றி வலது பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, "ட்ஷ்ஷ்ஷ்" என்று எச்சில் தெறிக்க, மேஜைமேல் மெதுவாக இறக்கினார். கார் நிறுத்துமிடத்தில் இடம் காலியாக இருந்தது. வயிற்றுக் கதவு திறந்தது.

டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் கடுகடுவென்று இருந்தாள். "திங்கக்கிழமையும் வரலை, இன்னைக்கும் லேட்டு. எதுல வந்தீங்க?"

"வீட்டுலதாங்க வந்தோம்" என்றாள் சரோஜினி.

"வீட்டுல இருந்துதான் வந்திருப்பீங்க. எதுல வந்தீங்க?"

"அதாங்க, வீட்டுல."

நர்ஸ் ஊசியை எடுத்தாள். குழந்தைவேலுவின் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்ப நாலு மணி நேரம் ஆனது. அந்த நாலு மணி நேரமும் கட்டடம் ஆஸ்பத்திரி வளாகத்தில் கிடந்தது. குடித்தனக்காரர்கள் அவரவர் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். தலைக்காரர்களுக்குத் தண்ணீர் தீர்ந்துபோய், தண்ணீரைப் பிடித்துவைத்தே பழகிய பாதத்து ரேடியோ மெக்கானிக் வீட்டில் குடத்தோடு போய் நின்றார்கள். கப்பலாகக் கிடந்ததில் எல்லா வீடும் ஒரே மட்டத்தில் இருந்ததால், ஏறவும் இறங்கவும் வேண்டியிருக்கவில்லை.

ஹரிசுதன் போன் செய்தார். வட்டத்தார் எல்லாரும் வடவள்ளியில் காலி மனைக்கு முன்னால் நிற்பதாகச் சொன்னார்.

"கீறல் விழுந்துச்சுங்களாண்ணா?"

"விழுந்துச்சு."

"எவ்வளவு நீளம்?"

தெய்வசிகாமணி கப்பலைப் புரட்டிப் பார்த்தார். தோள் தகட்டின் குறுக்கே வெள்ளிக்கோடு ஒன்று ஓடியது, அதன்மேல் மஞ்சள் கை ரேகை ஒன்று அழகாகப் பதிந்திருந்தது. "அளக்கலை" என்றார்.

பிறகு ஹரிசுதன், மற்ற எட்டுப் பேருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடைசிப் படிக்குச் சத்தம் எப்படிங்க போடோணும்?" என்று கேட்டார்.

தெய்வசிகாமணி போனிலேயே போட்டுக் காட்டினார். அதில்தான் மிச்சமிருந்த குரலும் போனது.

அன்று மாலை கட்டடம் தன் மனையில் இறங்கியதும், கோட்டையாக மடங்கியதும், லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும், திங்கள் புதன் வெள்ளி யார் எந்த வேலையில் இருந்தாலும் குழந்தைவேலு கிளம்பிவிட்டாரா என்று கேட்டு ஆட்டோ ஏற்றி அனுப்பும் வழக்கம் வந்ததும் எல்லாம் பிறகு நடந்தவை. அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நேரத்தில், குழந்தைவேலு சரோஜினியின் தோளைப் பிடித்துக்கொண்டு 3பி-க்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, மூச்சு சீராக வந்தது.

"ஒரு சின்ன ஆசைங்க. போற வழியில மருதமலையை ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமுங்களா? மலையோட பின்பக்கத்தை வரையோணும்னு ரொம்ப நாளா நினைப்பு."

தெய்வசிகாமணி கப்பலைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றார். தொண்டை கரகரத்து அடங்கியது. கட்டடம் அசையவில்லை. அவர் செய்வதறியாமல் கூடியிருந்தவர்களைப் பார்த்தார்.

வசந்தாமணி முதலில் ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் சரோஜினி, சரோஜினிக்குப் பின்னால் ரேடியோ மெக்கானிக். பிறகு தொடையிலும் மார்பிலும் தோளிலும் இருந்தவர்கள் ஜன்னல் ஜன்னலாக எடுத்துக்கொண்டார்கள். தெய்வசிகாமணி பேச்சில்லாமல் கப்பலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, பொன்மயில் ரெசிடென்சி பதினாறு வீட்டு வாயாலும் "ஊஊய்ய்ங்" என்று கூவிக்கொண்டு மேலே ஏறி, கோயில் கோபுரத்தின் மேல் சாய்ந்து, மலையைச் சுற்றத் தொடங்கியது. அரைச் சுற்று முடிந்து மலையின் பின்பக்கம் தெரிந்தபோது, நான்காம் மாடியின் கடைசி ஜன்னலைத் திறந்துகொண்டு மோகனசுந்தரமும் சத்தம் போட்டார், தீர்மானம் எதுவும் போடாமல்.